சுந்தரராஜ் வீட்டுப் பலகைச் சுவர்

சுந்தரராஜ் அண்ணாச்சி ஏலக்காய் வாங்குகிற அழகைப் பார்ப்பதற்கென்றே போடியில் சிலர் அவர் வாசலில் நிற்பார்கள். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விடுவார். அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்து, காதோரம் வைத்துக் குலுக்கி, ஒரு காயைக் கடித்துத் துப்பி, மறுபடியும் முகர்வார். மேல்காயும் அடிக்காயும் நிறம் வேறாக இருந்தால் சண்டைக்கு வருவார். ஒரே நிறமாக இருந்துவிட்டால் அதற்கும் சந்தேகப்படுவார், எப்படி இப்படி ஒரே மாதிரி இருக்கும் என்று. வீட்டில் தும்மல் வந்தால்கூட யார் மிளகாய் வறுத்தது, இந்த நேரத்தில் எதற்கு வறுத்தது என்று விசாரித்துவிட்டுத்தான் மூக்கைத் துடைப்பார். வியாபாரிக்கு இந்தக் குணம் வேண்டும் என்று ஊரில் சொன்னார்கள். குடித்தனத்துக்கு வேண்டுமா என்று அவர் மனைவி லில்லியைத்தான் கேட்டிருக்க வேண்டும். அவளை யார் கேட்டார்கள்?

மலைக்கு அந்தப் பக்கத்தைக் கேரளாவோடு சேர்த்த மறுவருஷம் அது. காய் நன்றாக விளைந்த வருஷம். ஆனால் சுந்தரராஜ் வீட்டு வாசலுக்கு வர வேண்டிய லோடு, வாசல் வரை வந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தோட்டக்காரர்கள் வருவார்கள், முன்னறையில் உட்கார்ந்து பேசுவார்கள், விலை முடிப்பார்கள், நாளைக்குச் சரக்கு இறக்குகிறேன் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் பார்த்தால் அந்தச் சரக்கு பெத்துராஜ் வீட்டுப் பின்வாசலில் இறங்கிக்கொண்டிருக்கும்.

பெத்துராஜ் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தம்பி. அப்பா செத்த பிறகு ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இருவரும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாகப்பிரிவினையில் அண்ணன் கூரை ஓடுகளை எண்ணினார், உத்தரத்தை எண்ணினார், கிணற்று வாளியைக்கூட விடவில்லை. தம்பி எதையும் எண்ணாமல் கையெழுத்துப் போட்டதுதான் அண்ணனுக்கு இன்றுவரை உறுத்தல். எதையும் மறைக்காதவன் எப்படி எண்ணாமல் இருப்பான்? அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் வாழ்க்கைப்பட்டவர்கள் தேவாரத்து அக்கா தங்கைகள். லில்லி மூத்தவள், ஞானசெல்வி இளையவள். ஆண்கள் முறைத்துக்கொண்டால் பெண்கள் என்ன செய்வார்கள், கிணற்றடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொள்வார்கள்.

முதல் லோடு தவறியபோது சுந்தரராஜ் கணக்குப்பிள்ளையை வேலையை விட்டு நிறுத்தினார். அடுத்ததும் தவறியது. மூன்றாவதும் தவறிய அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை.

"இந்த வீட்டுல பேசுற வெல அங்கிட்டுப் போகுது லில்லி. பிள்ளைங்க ரெண்டும் மதுரையில ஹாஸ்டல்ல கெடக்கு. கணக்கப்பிள்ளையும் போயாச்சு. மிச்சம் இருக்கிறது ரெண்டு. ஒண்ணு அந்தச் செவுரு, இன்னொண்ணு நீ."

லில்லிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த ரசக் கரண்டி சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. "நானா? எனக்கு என்னங்க தெரியும் வெலயப் பத்தி?"

"தெரியாதவ எதுக்குக் கெணத்தடியில அம்புட்டு நேரம் நிக்கிறே?"

"எந் தங்கச்சிங்க அவ."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் அவர். பிறகு, ஏற்கெனவே யோசித்து முடித்துவிட்ட ஆளைப் போல நிதானமாகச் சொன்னார். மேலே போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு துரை பங்களாவை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது இவர் சரக்குப் பார்க்கப் போயிருந்தார். அங்கே ஓர் அறைக்குச் சுவரெல்லாம் மரப்பலகை. துரை உள்ளே இருந்து கத்தியது கதவுக்கு வெளியே நின்ற பட்லருக்கே கேட்கவில்லை. அதே மாதிரி நம் முன்னறைச் சுவருக்கும் பலகை அடிக்கப் போகிறேன் என்றார். "அடிச்ச பெறகு சேதி நின்னு போச்சுன்னா, செவுரு பண்ணுன வேலைன்னு விட்டுருவேன். அதுக்குப் பெறகும் போச்சுன்னா உன்னத் தேவாரத்துல உங்கப்பா வீட்டுல கொண்டுபோயி விட்டுட்டு வந்துருவேன். ஊரு கேட்டா காரணத்த நான் சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் கெணத்தடிப் பக்கம் போகாத."

ஊர் கேட்டால் இவர் என்ன காரணம் சொல்வார் என்று லில்லிக்குத் தெரியாதா? வீட்டுச் சேதியை வெளியே விற்றவள் என்பார். அப்பா அந்த வார்த்தையைக் கேட்டபிறகு வேதக்கோயில் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார மாட்டார். அன்று அவள் சாப்பிடவில்லை. அவர் சாப்பிட்டார், ரசம் புளிக்கிறது என்றும் சொன்னார்.

அந்த நிமிஷத்திலிருந்து ஒரு வேடிக்கை நடந்தது. சுவர்தான் குற்றவாளி என்று நிரூபணமாக வேண்டுமென்று வீட்டுக்காரரைவிட வீட்டுக்காரி துடித்தாள். பலகை கனமாக இருக்க வேண்டும், இடுக்கு இருக்கக் கூடாது, ஈ நுழையக் கூடாது என்று ராத்திரியெல்லாம் ஜெபம் செய்தாள். ஒரு மனுஷி தன் மானத்துக்காக மரத்தை நம்பிக்கொண்டு இருந்தாள் என்றால் சிரிப்பாக இருக்கும். அவளுக்குச் சிரிப்பாக இல்லை.

மரக்கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனார் சுந்தரராஜ். மனைவியிடம் யோசனை கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது. அவளைத் தனியாக வீட்டில் விட்டால் கிணற்றடிக்குப் போவாள் என்ற பயம்தான். ரயிலடிப் பக்கத்து மரக்கடையில், குதிரை வண்டியிலிருந்து ஒரு பெண் இறங்குவதைப் பார்த்து அறுப்புக்காரர்கள் ரம்பத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அங்கே சுருளிவேல் ஆசாரி ஏற்கெனவே வந்து காத்திருந்தார். நல்ல வேலைக்காரர்தான், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். காலையில் வருகிறேன் என்றால் மத்தியானம் வருவார். வந்தவுடன் முதல் வேலையாக வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார்.

"சத்தம் அடங்கணும்னா கனத்த மரமாப் போடுங்க அண்ணாச்சி" என்றார் ஆசாரி. "ஈட்டி இருக்கு, வேங்கை இருக்கு. தட்டிப் பாருங்க, செத்த பொணம் கணக்காக் கெடக்கும்."

லில்லி ஈட்டிப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கறுத்து, குளிர்ந்து, அசைக்க முடியாமல் இருந்தது. இதுதான், இது போதும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. "இதையே எடுத்துருவோமேங்க" என்றாள்.

சுந்தரராஜ் திரும்பி அவளைப் பார்த்தார். "உனக்கு ஏன் இம்புட்டு அக்கறை?"

அதோடு ஈட்டி போயிற்று. அவர் ஒவ்வொரு பலகையாக விரல் மடக்கித் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். ஏலக்காய் பார்க்கிறவருக்கு மரம் பார்க்க வேறு என்ன வழி தெரியும்? காய்ந்த காய் குலுக்கினால் கலகலவென்று சத்தம் போடும். ஈரக்காய் ஊமையாக இருக்கும், ஊமைக் காயை வாங்கினவன் நஷ்டப்படுவான். இருபது வருஷமாகக் காது படித்த பாடம் அது. ஈட்டியைத் தட்டினார், பொத்தென்றது. வேங்கையும் பொத்தென்றது. "பூராவும் ஈரம்" என்று உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் மூலையில் சாத்தியிருந்த பலாப் பலகைகளுக்கு வந்தார். மஞ்சளாக, மெல்லிசாக, நன்றாகக் காய்ந்தவை. தட்டினதும் கிண்ணென்று சத்தம் எழும்பிக் கொட்டகை முழுக்கப் போனது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதான் மரம்."

ஆசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அண்ணாச்சி, பலா மத்தளம் கடையற மரம். நாலு பேரு கேக்கணும்னு செய்யிற சாமானுக்குப் போடுறது. நீங்க யாரும் கேக்கக் கூடாதுங்கிறீங்க..."

"ஈட்டி வித்தா கடைக்காரன் உனக்கு என்ன தர்றேன்னான்?"

ஆசாரிக்கு மூக்குச் சிவந்தது. "நான் வேற வீடு பாத்துக்கிறேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். லில்லி பயந்துபோய், கணவருக்குக் கேட்காமல், "அண்ணே, கோவிச்சுக்கிட்டுப் போயிராதீங்க. நீங்க இடுக்கு இல்லாம அடிச்சுக் குடுங்க, அது போதும்" என்று கெஞ்சினாள். ஆசாரி அவள் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, துண்டை இறக்கினார். அவள் ஆசாரியிடம் மெதுவாக ஏதோ பேசியதைச் சுந்தரராஜ் தூரத்திலிருந்து பார்த்துவிட்டார் என்பதும், வண்டியில் திரும்பும்போது "ஆசாரிகிட்ட என்ன ரகசியம்?" என்று கேட்டார் என்பதும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வேலை ஆரம்பித்தது. சுவரில் குழி அடித்துக் கட்டை இறக்கி, அதன்மேல் சட்டம் சட்டமாக அறைந்து, சட்டத்தின்மேல் பலகையை ஒன்றோடொன்று கோத்து அடிக்க வேண்டும். முதல் நாள் குழி அடிக்கும்போதே சுந்தரராஜ் அரிக்கேன் விளக்கோடு பக்கத்தில் குந்திக்கொண்டார், பட்டப்பகலில். குழி அந்தப் பக்கம் வரைக்கும் போய்விடக் கூடாதாம். ஒவ்வொரு குழியிலும் விரலை விட்டுப் பார்த்தார். ஆசாரி ஒரு தடவை, "வேணும்னா மூட்டையில விடுற மாதிரி முழங்கை வரைக்கும் விட்டுப் பாருங்க" என்றார். லில்லி சமையற்கட்டிலிருந்து அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். அந்த மாதத்திலேயே அவள் சிரித்தது அப்போதுதான்.

சட்டம் அடித்து முடித்ததும் ஆசாரி தேங்காய் நார் மூட்டை இரண்டைக் கொண்டுவந்து இறக்கினார். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் நான்கு விரற்கடை இடம் சும்மா இருக்குமாம். அதில் நாரையும் மரத்தூளையும் திணித்தால் சத்தம் அதற்குள்ளேயே அமுங்கிவிடுமாம்.

"ஒண்ணும் திணிக்க வேணாம்" என்றார் சுந்தரராஜ்.

"திணிக்கலன்னா உள்ள வெறும் கூடுங்க."

"நாருக்குள்ள நீ எத வச்சே, எந்த எடத்துல ஓட்டையப் போட்டே, எனக்கு எப்படித் தெரியும்? சும்மா கெடந்தாத்தான் வெளக்கப் புடிச்சு நான் பாக்க முடியும். அடி."

ஆசாரி வாய் திறந்தார், லில்லியைப் பார்த்தார், மூடிக்கொண்டார். நார் மூட்டை வந்த வழியே போயிற்று. லில்லிக்கு, வேண்டாம், திணியுங்கள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொன்னால் அவர் என்ன கேட்பார் என்று தெரிந்ததால் விழுங்கிவிட்டாள்.

அதைவிட மோசம், அவளுக்கே அவள்மேல் சந்தேகம் வர ஆரம்பித்ததுதான். சந்தேகம் ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால் ஓர் ஆளோடு நிற்கிறதா? ராத்திரி படுத்தால், கிணற்றடியில் தங்கையிடம் என்னென்ன பேசினோம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். மீன் பேசினோம், பிள்ளைகள் காய்ச்சல் பேசினோம். ஒரு நாள் ஞானசெல்வி, "இன்னைக்கு உங்க வீட்டுக்கு யாருக்கா வந்தது, வண்டி நின்னுச்சு?" என்று கேட்டாளே, அதை எதற்குக் கேட்டாள்? நான் என்ன சொன்னேன்? ராசிங்காபுரத்துத் தோட்டக்காரர் என்று சொன்னேனோ? அதிலிருந்து அவள் புருஷன் விலையைக் கண்டுபிடித்துவிட முடியுமா? இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கச்சியை இப்படி நினைக்கிறோமே என்று அழுகை வரும். அழுதால் அவர் விழித்துக்கொண்டு எதற்கு அழுகிறாய் என்று கேட்பார். அதனால் அழவும் மாட்டாள். ஞானசெல்வி இரண்டு மூன்று முறை கிணற்றடியில் நின்று, "அக்கா, ஒடம்புக்கு முடியலையா?" என்று குரல் கொடுத்துப் பார்த்தாள். லில்லி சன்னலை மெதுவாகச் சாத்தினாள்.

பலகை வேலை முடிந்த அன்று அறை பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை இல்லை என்று சொல்லக் கூடாது. தரையிலிருந்து உத்தரம் வரை பொன் மஞ்சளாகப் பலா. இழைப்புளி போட்டு, எண்ணெய் தேய்த்து, கோடு தெரியாமல் கோத்திருந்தார் ஆசாரி. சோதித்துப் பார்க்க வேண்டுமே. அந்தப் பக்கம் போய்க் கேட்க முடியாது, பேச்சில்லை. அதனால் சுந்தரராஜ் லில்லியை உள்ளே நிறுத்தி ஜெபத்தைச் சத்தமாகச் சொல்லச் சொல்லிவிட்டு, தெருவில் போய்த் தம்பி வீட்டு வாசலருகே தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். போகிற வருகிறவர்கள் எல்லாம் அண்ணாச்சிக்குக் காது வலியா என்று கேட்டார்கள். தெருவில் வண்டிச் சத்தத்தில் ஜெபம் எங்கே கேட்கும்? கேட்கவில்லை. திருப்தியாக உள்ளே வந்தார். "இனி இந்த அறையில பேசுறது கர்த்தருக்கும் எனக்கும்தான் தெரியும்" என்றார். நானும் இருப்பேனே என்று லில்லி நினைத்தாள்.

மறுநாள் ஜக்கையன் வந்தார். சிலமலைக்காரர், சரிவில் நல்ல தோட்டம். இந்த வருஷத்து மகசூல் முழுவதும் கையில் வைத்திருந்தார். மாதிரிக்கு ஒரு சிறு மூட்டையை அவர் மனைவி மூக்கம்மாள் தலையில் சுமந்துகொண்டு வந்திருந்தாள். புதுச்சுவரைப் பார்த்து ஜக்கையன் வாயைப் பிளந்தார். "என்னங்க அண்ணாச்சி, பெட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு."

லில்லி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். இந்த லோடுதான். இது இந்த வாசலில் இறங்கினால் அவள் பிழைத்தாள்.

சுந்தரராஜ் மூட்டைக்குள் கையை விட்டார். முகர்ந்தார், குலுக்கினார், கடித்தார். காய் அருமையான காய். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. விலை பேசினார்கள், இழுத்துப் பறித்து ஒரு வழியாக முடிந்தது. ஜக்கையன் எழுந்தார். அப்போது சுந்தரராஜின் கண் மூக்கம்மாளின் இடுப்பில் போய் நின்றது. சேலை முந்தானையைச் சுருட்டி மடியில் செருகியிருந்தாள். அதில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது.

"மடியில என்னம்மா?"

"ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லாமலா புடைச்சிருக்கு? வேற ரகம் காய் வச்சிருக்கியா? மாதிரிய மாத்திட்டு வந்தீங்களா? மடிய அவுத்து உதறு, பாப்போம்."

ஜக்கையன் ஒரு சிரிப்புச் சிரித்தார். "பாக்கட்டும் மூக்கு. யாவாரம்னா அப்படித்தான். உதறிக் காட்டு." மூக்கம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று மடியை அவிழ்த்தாள். வெற்றிலை, ஒரு துண்டுக் கருப்பட்டி, மடித்த மாதத்துணி ஒன்று. துணி கீழே விழுந்தது. குனிந்து அதை எடுத்தவள் நிமிரும்போது லில்லியைப் பார்த்தாள். லில்லி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடிக்கவில்லை. விலை முடிந்துவிட்டதே, லோடு வந்துவிடுமே என்கிற எண்ணம் அவளைக் கதவோடு சேர்த்து நிறுத்திவிட்டது.

"சரி, நாளைக்கு வெரசா கொண்டாங்க" என்றார் சுந்தரராஜ். அவருக்குக் கருப்பட்டி மட்டும்தான் கண்ணில் பட்டது.

மறுநாள் காலையிலேயே தராசைத் துடைத்துப் பின்கட்டில் மாட்டிவிட்டு, சாக்கு உதறிக்கொண்டிருந்தார் அவர். லில்லி முன்னறையில் எண்ணெய்த் துணியால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க ஒன்றும் இல்லை, சும்மா உட்கார முடியவில்லை. தெருவில் வண்டி வந்தது. மாட்டுச் சலங்கை தன் வாசலைத் தாண்டிப் போவதை அவள் கேட்டாள். அடுத்த வாசலில் நின்றது. கர்த்தாவே என்று பலகைமேல் நெற்றியைச் சாய்த்தாள்.

சாய்த்த நெற்றிக்கு உள்ளேயே யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

"அண்ணங்கிட்ட முடிச்சுட்டீருன்னு தெரியும். பெறகு இங்க எதுக்கு வண்டிய நிப்பாட்டுனீரு?" பெத்துராஜின் குரல். நாற்காலி இழுபடுவதும், டம்ளர் வைக்கிற சத்தமும் கேட்டன. பலகை முழுவதும் மெல்ல அதிர்ந்து அத்தனையையும் அவள் காதில் கொண்டுவந்து கொட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது பெத்துராஜ் வீட்டு முன்னறை. சும்மா பூட்டிக் கிடக்கிற அறை அது, சரக்குப் பேசினால்தான் திறப்பார்கள்.

அவள் பின்கட்டுக்கு ஓடினாள். "ஏங்க, வாங்க. ஒண்ணும் கேக்காம வாங்க." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, அவர் தலையைப் பலகையோடு வைத்து அழுத்தினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரை அப்படி இழுத்ததே இல்லை.

"...வெலயில ஒண்ணும் கொறை இல்ல" என்றது ஜக்கையனின் குரல். "அவரு சொன்ன வெலயவே குடுங்க. கொறச்சுக் குடுத்தாலும் சரி. அங்க எறக்க மாட்டேன்."

"ஏன்?"

"எம் பொஞ்சாதி மடிய உதறச் சொன்னாருய்யா. ராத்திரி பூரா அவ தூங்கல. ராசிங்காபுரத்து ஆளு ஏன் ஓடி வந்தாரு, அவரு மருமவன் பைய உங்கண்ணன் தடவிப் பாத்தாருன்னு தானே? வெலய யாரும் உங்ககிட்ட வந்து சொல்லல. நாங்களேதான சொல்றோம், அவரு இவ்வளவு சொன்னாரு, நீங்க குடுங்கன்னு."

பெத்துராஜ், "அண்ணனப் பத்தி எங்கிட்ட பேசாதீரும். திரும்பிப் போயி அங்கேயே எறக்கும்" என்றார்.

"நீங்க வேணாம்னா குமுளிக்கு ஓட்டுறேன். அந்த வாசல மட்டும் மிதிக்க மாட்டேன்."

"...சரி. எறக்கும். பின்வாசப் பக்கமா எறக்கும். அண்ணன் பாத்தா மனசு சங்கடப்படும்."

லில்லி கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. அவர் நிமிர்ந்து என்ன சொல்வார்? மன்னிப்பெல்லாம் வேண்டாம், அவர் வாயில் அது வராது. சரி லில்லி என்று ஒரு வார்த்தை போதும். கிணற்றடிக்குப் போ என்றால் போதும். மூக்கம்மாளிடம் போய் நாமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவோம் என்று அவளாகவே கேட்டுவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

சுந்தரராஜ் நிமிர்ந்தார். பலகையை மேலும் கீழும் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"நல்லாத்தான் பேசி வச்சிருக்கீங்க."

"என்னது?"

"நான் கேப்பேன்னு தெரிஞ்சுதான இம்புட்டு சத்தமாப் பேசுறான்? சரியா அவன் பேசுற நேரத்துல நீ வந்து என்னைய இழுக்குற. மனசு சங்கடப்படுமாம். யாருக்கு? நீ எப்ப சொல்லி விட்ட? கெணத்தடிக்குப் போனியா? ஆசாரி மூலமா சொன்னியா? மரக்கடையில அவங்கிட்ட குசுகுசுன்னியே..."

தனக்குக் கோபம் வரும் என்று லில்லி எதிர்பார்த்தாள், வரவில்லை. அழுகையும் வரவில்லை. தலைக்குள் பளிச்சென்று விடிந்த மாதிரி இருந்தது. ஈட்டி போட்டிருந்தாலும் இதேதான். நார் திணித்திருந்தாலும் இதேதான். லோடு இந்த வாசலில் இறங்கியிருந்தால்கூட, ஏன் இறங்கியது என்று கேட்டிருப்பார். இந்த மனுஷனிடம் ஜெயிக்கிறதற்காகவா ராத்திரியெல்லாம் முழங்கால் போட்டோம், கூடப்பிறந்தவளுக்குச் சன்னலைச் சாத்தினோம், அந்தப் பெண் மடியை உதறும்போது மரம் மாதிரி நின்றோம்?

எண்ணெய்த் துணியை அவர் கையில் கொடுத்தாள். தெருக்கதவைத் திறந்து, பட்டப்பகலில், எல்லாரும் பார்க்கத் தம்பி வீட்டுப் படியேறினாள்.

உள்ளே ஞானசெல்வி அக்காவைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மூக்கம்மாள் பின்வாசலில் வண்டியருகே நின்றாள். லில்லி நேரே அவளிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நேத்து நான் பேசாம நின்னேன். தப்பு ஆத்தா" என்றாள். மூக்கம்மாள் கையை விடுவித்துக்கொள்ளாமல் நின்றாள்.

பெத்துராஜுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "மதினி, நான் வேணா போயி அண்ணங்கிட்ட பேசிப் பாக்கவா?"

"என்னன்னு பேசுவீங்க தம்பி? நீங்க வாயத் தெறந்தா அது நான் சொல்லிக் குடுத்ததுன்னு வரும். நான் வாய மூடுனா எதையோ மறைக்கிறேன்னு வரும். பலக வந்து சாட்சி சொல்லும்னு காத்துக் கெடந்தேன். அதுவும் சொல்லிருச்சு. அவருக்குச் சாட்சி வேணாம், குத்தவாளிதான் வேணும்."

ஞானசெல்வி பதறிப்போய்ச் சுவரைக் கைகாட்டினாள். "மெல்லக்கா. அத்தானுக்குக் கேட்டுறப் போகுது."

"கேக்கட்டும்" என்றாள் லில்லி, குரலைத் தாழ்த்தாமல். "தேவாரத்துக்கு அவரு ஒண்ணும் கொண்டு போயி விட வேணாம். போகணும்னா பஸ்சு இருக்கு, எனக்கு ஏறத் தெரியும். இப்பப் பசிக்குது. நேத்து மத்தியானத்துல இருந்து சாப்பிடல. சோறு போடு."

முன்னறையிலேயே இலை போட்டாள் தங்கை. சூடான சோறும் அயிரை மீன் குழம்பும். இரண்டு கவளம் உள்ளே போயிருக்கும், சுவரிலிருந்து சுந்தரராஜின் குரல் வந்தது. அறைக்குள் நின்று பேசுவது போல அத்தனை தெளிவாக வந்தது. பாகம் பிரித்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் அவர் குரல் கேட்டதே இல்லை.

"லில்லி... அங்க யாருகிட்ட என்ன சொல்லிக்கிட்டு இருக்க?"

பெத்துராஜ் சுவரைப் பார்த்தார். ஞானசெல்வி அக்காவைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றாள் லில்லி.